கீபோர்டு கார்ட் படம்: கட்டை சரியாக எரிகிறது, பெயர் தப்பாக வருகிறது

அரைச்சுரம் (கேள்வி)
கார்டும் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) ஸ்கேலும் (வரிசையாக வரும் சுரங்கள்) பழகுகிறவர்களுக்காக, கேட்டதைக் கீபோர்டு படமாக வரைந்து காட்டும் சின்னப் பக்கம் ஒன்றை ஜாவாஸ்கிரிப்டிலும் எஸ்விஜியிலும் (வலைப்பக்கத்தில் படம் வரையும் முறை) எழுதுகிறேன். சி, சி ஷார்ப் (ஷார்ப் என்றால் ஒரு கட்டை மேல்), டி, டி ஷார்ப் என்று 12 பெயருள்ள ஒரே பட்டியல். தொடங்கும் சுரத்தின் எண்ணோடு மேஜருக்கு 0, 4, 7, மைனருக்கு 0, 3, 7 கூட்டி, 12-ஆல் வகுத்து மீதி எடுக்கிறேன். மூன்று இடத்தில் சிக்குகிறது.

எஃப் மைனர் கேட்டால் எஃப், ஜி ஷார்ப், சி என்று எழுதுகிறது. புத்தகங்களிலோ நடுவில் ஏ ஃபிளாட் (ஃபிளாட் என்றால் ஒரு கட்டை கீழ்). அடுத்து, இரண்டு ஆக்டேவ் (12 கட்டைத் தொகுதி) படத்தில் சி மேஜர் முதல் இன்வெர்ஷன் (அடிச் சுரத்தை ஓர் ஆக்டேவ் மேலே தூக்கிய வடிவம்) கேட்டால் மூன்றுக்குப் பதில் ஆறு கட்டை எரிகிறது. மூன்றாவது, கருப்புக் கட்டைகளை இரண்டு வெள்ளைக்கு நட்டநடுவே வைத்தேன், பொம்மைக் கீபோர்டு மாதிரி தெரிகிறது.

கருப்புக்கட்டை
முதல் சிக்கலில் கணக்கு சரி, பட்டியல்தான் தப்பு. கட்டைக்கென்று நிலையான பெயர் கிடையாது. எந்தக் கார்டில் எத்தனையாவது படியாக நிற்கிறதோ, அதை வைத்துத்தான் பெயர். எழுத்தை முதலில் முடிவு செய்யுங்கள், ஷார்ப்பும் ஃபிளாட்டும் பிறகு.

எஃப் மைனரையே எடுங்கள். மூன்று சுரக் கார்ட் என்றால் ஓர் எழுத்து விட்டு ஓர் எழுத்து: எஃப், ஏ, சி. இனி இதை மாற்றக்கூடாது. எழுத்துகளின் இயல்பான இடங்கள்: சி 0, டி 2, இ 4, எஃப் 5, ஜி 7, ஏ 9, பி 11. நமக்கு வேண்டிய இடம் 5+3=8. ஏ நிற்கும் இடம் 9. எட்டில் ஒன்பது போனால் -1, ஆக ஏ ஃபிளாட். +1 வந்தால் ஷார்ப், 0 என்றால் வெறும் எழுத்து. ஸ்கேலுக்கும் இதே வழி; ஏழு எழுத்தும் ஒவ்வொரு முறை வந்தாக வேண்டும்.

ஒரு பள்ளம் இருக்கிறது. ஜி ஃபிளாட் மேஜரில் வரும் சி ஃபிளாட்டுக்குக் கழித்தால் 11-0=11 என்று வரும். அதனால் வித்தியாசத்தோடு 6 கூட்டி, 12-ஆல் மீதி எடுத்து, 6 கழியுங்கள்: 17, 5, -1. ஜாவாஸ்கிரிப்டில் குறை எண்ணுக்கு மீதியும் குறையாகவே வரும். மீதியோடு 12 கூட்டி இன்னொரு முறை மீதி எடுத்துவிட்டால் தொல்லை இல்லை.

ரூட் (கார்டோ ஸ்கேலோ தொடங்கும் சுரம்) தேர்வையும் கவனியுங்கள். ஜி ஷார்ப் மேஜர் ஸ்கேல் என்றால் எஃப் டபுள் ஷார்ப் (இரண்டு கட்டை மேல்) வந்து நிற்கும். அதையே ஏ ஃபிளாட் என்றால் 4 ஃபிளாட்டோடு முடிந்தது. மைனரில் தலைகீழ்: ஜி ஷார்ப் மைனருக்கு 5 ஷார்ப், ஏ ஃபிளாட் மைனருக்கு 7 ஃபிளாட். ஆகவே மேஜருக்கும் மைனருக்கும் தனித்தனி ரூட் பட்டியல் வையுங்கள்.

நடுசி
இரண்டாவது: மீதி எடுத்ததும் எந்த ஆக்டேவ் என்ற தகவல் போய்விடுகிறது, பிறகு எல்லா சி-யும் ஒன்றுதான். எந்தக் கட்டை எரிய வேண்டும் என்பதை மிடி எண்ணில் (ஒவ்வொரு கட்டைக்கும் தனி எண்; நடு சி 60) வையுங்கள். மீதி பெயருக்கு மட்டும். சி மேஜர் 60, 64, 67. அடியில் இருப்பதற்கு 12 கூட்டி மேலே தூக்கினால் முதல் இன்வெர்ஷன் 64, 67, 72. இன்னொரு முறை தூக்கினால் 67, 72, 76.

60-ஐ சி3 என்றோ சி4 என்றோ படத்தில் எழுதாதீர்கள். யமஹா அதை சி3 என்கிறது, வேறு பலர் சி4 என்கிறார்கள். "நடு சி" என்றால் சண்டையே இல்லை. 88 கட்டைப் பியானோ 21-இல் தொடங்கி 108-இல் முடியும்.

தச்சர்
மூன்றாவதற்குக் கணக்கு இருக்கிறது. வெள்ளைக் கட்டை அகலம் 70 பிக்சல் என்று வையுங்கள். சி முதல் இ வரை மூன்று வெள்ளை, 210. அதன் பின்பகுதியில் கருப்பும் சேர்ந்து ஐந்து கட்டை, ஆளுக்கு 42. எஃப் முதல் பி வரை நான்கு வெள்ளை, 280. அங்கே ஏழு கட்டை, ஆளுக்கு 40. கருப்புகளின் இடது ஓரம்: 42, 126, 250, 330, 410. முதல் இரண்டின் அகலம் 42, மற்ற மூன்றுக்கும் 40. அடுத்த ஆக்டேவுக்கு 490 கூட்டுங்கள்.

ஜி-க்கும் ஏ-க்கும் இடையில் உள்ளது மட்டும் நட்டநடுவில் நிற்பதைப் பார்ப்பீர்கள். மற்ற நான்கும் சற்று விலகியிருக்கும். அந்த விலகலை வைத்துத்தான் கண் இரண்டு கருப்பையும் மூன்று கருப்பையும் பிரித்தறிகிறது. வெள்ளை எல்லாவற்றையும் வரைந்து முடித்த பிறகே கருப்பை வரையுங்கள். எஸ்விஜியில் பின்னால் வருவது மேலே ஏறும்.

அரைச்சுரம்
மூன்றும் சரியானது, நன்றி. இப்போது எஃப் ஷார்ப் மேஜர் ஸ்கேலில் வெள்ளைக் கட்டை ஒன்றின் மேல் "இ ஷார்ப்" என்று வருகிறது. பிழையா? ராகங்களையும் சேர்த்தேன். சி-யை சட்ஜமாக வைத்தால் மாயாமாளவகௌளை அழகாக வருகிறது, கனகாங்கி மட்டும் இ டபுள் ஃபிளாட், பி டபுள் ஃபிளாட் என்று மிரட்டுகிறது.

கருப்புக்கட்டை
இ ஷார்ப் சரிதான். எஃப் என்ற எழுத்து ரூட்டிலேயே செலவாகிவிட்டது. பழகுகிறவர் திகைக்காமல் இருக்கப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் "எஃப் கட்டை" என்று போடலாம்.

கனகாங்கியும் பிழை இல்லை. சுத்த காந்தாரம் நிற்பது சதுஸ்ருதி ரிஷபத்தின் கட்டையில், சுத்த நிஷாதம் நிற்பது சதுஸ்ருதி தைவதத்தின் கட்டையில். 12 இடத்துக்கு 16 பெயர் வைத்த முறையல்லவா, நீங்கள் சுற்றி வந்து சேர்ந்ததும் அதே இடம்தான்! 72 மேளத்தில் (தாய் ராகத்தில்) 40 விவாதி மேளங்கள் (ஒரு சுரம் இன்னொன்றின் கட்டையில் நிற்பவை). ராகப் படத்தில் எழுத்தை விட்டுவிட்டு ரி1, க1 என்று சுரப்பெயரையே எழுதுங்கள்.

தச்சர்
அச்செடுப்பதாக இருந்தால் ஒன்று. ரூட்டுக்குச் சிவப்பு, மற்றவைக்கு நீலம் என்று வைத்தால் கருப்பு வெள்ளைப் பிரதியில் இரண்டும் ஒரே சாம்பல். ரூட்டுக்குச் சதுரம், மற்றவைக்கு வட்டம் போடுங்கள். கருப்புக் கட்டை மேல் குறி வெள்ளையாக இருக்கட்டும். விரல் எண்ணைக் குறிக்குள் எழுதாமல் கட்டையின் கீழ் ஓரத்துக்கு வெளியே தனி வரிசையாக வையுங்கள். எஃப் மேஜர் ஸ்கேலில் வலது கை 1 2 3 4 1 2 3 4 (1 என்பது கட்டைவிரல்). பி ஃபிளாட்டுக்கு அடுத்த சி-யில் கட்டைவிரல் வருகிற இடம் சட்டென்று தெரிய வேண்டுமானால் அந்த வரிசை தனியாகத்தான் இருக்க வேண்டும்.