காவடி நெகட்டிவ் ஸ்கேன்: திருநீறு வெளுக்கிறது, முகம் இருள்கிறது

கேள்வி (கத்ர் போர்ன், மொரிஷியஸ்): வணக்கம். 1980களில் கோர் தெ கார்ட் மலைக்கோயில் தைப்பூசக் காவடியை அப்பா எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். தானியங்கி அமைப்பில் விட்டால் காவடி எடுப்பவரின் நெற்றித் திருநீறு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. காவடி நிழலில் முகம் கறுத்துப்போகிறது. தானியங்கியை நிறுத்தினால் படம் முழுவதும் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. ஆனால் நெகட்டிவை உருப்பெருக்கியில் பார்த்தால் திருநீற்றின் மூன்று பட்டைகளும் பிரிந்து தெரிகின்றன. எதை மாற்ற வேண்டும்?

பதில் (ரோஸ் ஹில்): தம்பி, நெகட்டிவில் பட்டை தெரிகிறதென்றால் பாதிக் கவலை விட்டது. நம் தீவில் தைப்பூசம் கடுங்கோடையில் வருகிறது. அந்த வெயிலில் எடுத்த படத்துக்குச் சாம்பல் பூத்த ஸ்கேன்தான் நல்லது. முதலில் தேர்வுக் கட்டத்தைப் படத்துக்குள்ளேயே ஒடுக்குங்கள். ஃபிலிமின் ஓரத் துளைகளும் சட்டமும் உள்ளே வந்தால் ஸ்கேனர் அவற்றையும் கணக்கில் சேர்த்துவிடும். பிறகு 16 பிட்டில் ஸ்கேன் செய்து டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். 8 பிட்டில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள்தான். நிழலைத் தூக்கும்போது வரிவரியாகத் திட்டு விழும். ஹிஸ்டோகிராமில் (படத்தின் இருள், வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) கறுப்பு, வெள்ளை முனைகளை வரைபடம் முடியும் இடத்துக்குச் சற்று வெளியே வையுங்கள். நெகட்டிவில் மிக அடர்ந்த இடம் திருநீறுதான். வெள்ளை முனை கொஞ்சம் உள்ளே வந்தாலும் முதலில் பறிபோவது அதுதான்.

கேட்டவர்: பட்டைகள் மூன்றும் வந்துவிட்டன, ஐயா! மிக்க நன்றி. முகம்தான் இன்னும் இருட்டு. தூசு நீக்கும் வசதியைப் போட்டதும் மீசை, புருவ ஓரங்கள் கலைந்துபோகின்றன.

பதில் (போர்ட் லூயி): அந்த அகச்சிவப்புத் தூசு நீக்கியை உடனே அணையுங்கள். வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பை மறிப்பதால் மீசையையும் தூசு என்றே எடுத்துக்கொள்ளும். காற்றுப் பம்பால் ஊதிவிட்டு ஸ்கேன் செய்தால் போதும். முகத்துக்கு, திருத்தும் மென்பொருளில் கர்வைத் (இருள், வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் வளைகோடு) திறந்து திருநீற்றின் வெளிச்ச அளவில் ஒரு புள்ளி குத்தி நிறுத்துங்கள். முகத்தின் வெளிச்ச அளவில் இன்னொரு புள்ளி குத்தி மெல்ல மேலே இழுங்கள். கான்ட்ராஸ்ட் பொத்தானைக் கூட்டாதீர்கள், இரண்டு முனைகளும் திரும்பவும் அடிபடும். நெகட்டிவில் கண் இருக்கும் இடம் ஒன்றுமே பதியாமல் தெளிந்து கிடந்தால் மட்டும் கர்வாலும் பயனில்லை.

கேட்டவர்: கண்ணும் இமையும் பதிந்திருக்கின்றன. இன்றிரவே கர்வை வைத்துப் பார்க்கிறேன்.