புது நியான் டெட்ரா வாயில் வெள்ளைப் பஞ்சு

போன ஞாயிறு மீன் தொட்டியில் விட்ட நியான் டெட்ரா மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. முதலில் நீலக் கோடு மங்குகிறது, அப்புறம் உதட்டைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி படர்கிறது. தீனியை வாயில் வாங்கித் துப்பிவிடுகின்றன. பார்க்கவே மனசு கேட்கவில்லை. தொட்டியில் முன்பே இருந்த மோலி மீன்கள் நன்றாக இருக்கின்றன.

சென்னை, போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்த உப்பு அளவு) 500க்கு மேல். இரண்டடி தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், 28 டிகிரி. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0.

பையை மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகக் கலந்துதான் விட்டேன். கால்வாசி தண்ணீர் மாற்றி, கல் உப்பும் போட்டாயிற்று. தனி வாளியில் மெத்திலின் ப்ளூ மருந்து கொடுத்தும் பலனில்லை. பூஞ்சையைவிட காலம்னாரிஸ் பாக்டீரியா என்றே தோன்றுகிறது. சூட்டில் அது வேகமாகப் பரவும் என்பதால் ஹீட்டரை அணைத்துவிட்டேன்.

மிஞ்சிய டெட்ராக்களை மட்டும் பிரித்து ஆன்டிபயாடிக் கொடுத்தால் போதுமா, மோலிகளோடு சேர்த்து முழுத் தொட்டிக்கும் மருந்து போட வேண்டுமா?