அம்மாவை முதியோர் குடியிருப்பில் சேர்க்க நேரம் வந்துவிட்டதா?

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார், நான் பெங்களூரில். போன வாரம் அடுப்பில் பால் வைத்ததையே மறந்து, பாத்திரம் கருகி, பக்கத்து வீட்டு அக்காதான் ஓடிவந்து சிலிண்டரை மூடினார். கோவையில் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். இப்பவே சேர்க்கலாமா?

பதில் 1: பால் எங்கள் வீட்டிலும்தான் பொங்குகிறது. மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள். என் மாமியாரின் சர்க்கரை மாத்திரை பிரிக்காமலே கிடந்தது, அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது.

பதில் 2: முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். வைட்டமின் பி12, தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மறதி வரும், அதற்கு மருந்து உண்டு.

பதில் 3: சரி, அம்மாவைக் கேட்டீர்களா? ஒரு மாதம் தங்கிப் பார்க்கட்டும். படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கேட்டவர்: அக்காவை எண்ணச் சொன்னேன். இதுவரை சாப்பிட்டிருக்க வேண்டிய பிரஷர் மாத்திரையில் 11 மிச்சம்.