ரிம்ஃபயர் துப்பாக்கிக்கு எபாக்ஸி பெட்டிங் செய்தவர்களின் அனுபவங்கள்

பனிக்காடு (டொராண்டோ)
ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியின் பேரலை (குழலை) பிடித்துத் தூக்கியபோது மரக்கட்டையும் சேர்ந்தே எழுந்து வந்தது. ஓராண்டு கழிந்தும் அந்த நொடி மனத்தை விட்டு அகலவில்லை. என்னுடையது சிஇசட் 452 என்ற புள்ளி 22 ரிம்ஃபயர் ரைஃபிள், அதாவது தோட்டாவின் அடிவிளிம்பில் அடித்துச் சுடும் வகை. ஈரமான நாட்களில் 50 மீட்டரில் குண்டுகள் மேலும் கீழுமாக வரிசை கட்டியதால், ரிசீவருக்கு (பேரல் பொருந்தும் உலோக உடலுக்கு) அடியிலும் பேரலின் முதல் 5 சென்டிமீட்டருக்கு அடியிலும் எபாக்ஸி என்ற இறுகும் பசையை இட்டேன்; உலோகம் கட்டையில் அசையாமல் அமர இப்படிச் செய்வதுதான் பெட்டிங். எபாக்ஸி உலோகத்தில் ஒட்டாதிருக்க எல்லா இடத்திலும் மெழுகு பூசியவன், ரிசீவரில் இருந்த ஒரு சிறு துளையைக் களிமண்ணால் அடைக்க மறந்துவிட்டேன். உள்ளே புகுந்த எபாக்ஸி ஆணி அடித்ததுபோல் இறுகியிருந்தது. குளிரில் பிடி தளரும் என்று கேள்விப்பட்டிருந்ததால், பூட்டிய கராஜில் உறைபனிக் குளிரில் இரவு முழுவதும் வைத்திருந்து, காலையில் மரச்சுத்தியலால் தட்டினேன். 'டக்' என்ற அந்த ஓசையில் உடைந்தது கட்டையா எபாக்ஸியா என்று தெரியாமல் சிறிது நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

இரும்புக்கண்
உடைந்தது எது என்பதை நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை. அது இருக்கட்டும், 452-இன் முன்கட்டையில் பேரலைக் கீழ்நோக்கி இழுக்கும் மூன்றாவது ஸ்க்ரூவைக் கழற்றினீர்களா? அதை விட்டுவைத்தால், ஈரத்தில் கட்டை உப்பும்போதெல்லாம் பேரலின் மீதுள்ள இழுவிசை மாறும். பின்னால் எவ்வளவு எபாக்ஸி இட்டும் பயனில்லை. நானும் ஒரு முறை அதை மறந்து, ஒரு மாதம் தோட்டாக்களையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பேரலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு தாள் தடையின்றி ஓட வேண்டும்.

சுருள்தடம்
தாள் ஓட வேண்டும் என்பதை எல்லாத் துப்பாக்கிக்கும் விதியாக்க வேண்டாம், நண்பரே. என் ரூகர் 10/22-இன் அலுமினிய ரிசீவரைக் கட்டையோடு பிணைப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ; பேரலை முற்றிலும் விடுவித்ததும் குரூப் (இலக்கில் குண்டுகள் விழும் கூட்டம்) சிதறியது, முன்கட்டை நுனியில் சிறு பட்டை வைத்ததும் ஒடுங்கியது. என் கதை அவ்வளவுதான். ஆனால் எபாக்ஸியைத் தொடும் முன் எல்லோரும் ஒன்றைச் செய்ய வேண்டும். வெவ்வேறு லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) கொண்ட நான்கைந்து வகைத் தோட்டாக்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டுகளாகப் பல குரூப்கள் சுட்டுப் பாருங்கள். 50 மீட்டர் இலக்கின் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான், லாட் மாற்றம் ஒன்றே குரூப்பை அதைவிட அகலமாக்கிவிடக்கூடும். பிறகு ஸ்க்ரூ இறுக்கத்தை டார்க் ஸ்க்ரூடிரைவரால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) சிறிது சிறிதாக மாற்றிச் சுட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புள்ளி 22 குண்டு மெதுவானது, பேரலுக்குள் கூடுதல் நேரம் தங்குவது. அதனால்தான் பேரலின் சிறு அதிர்வும் இலக்கில் தெரிகிறது.

பனிக்காடு (டொராண்டோ)
மூன்றாவது ஸ்க்ரூவை முதலிலேயே கழற்றிவிட்டேன். உடைந்தது எபாக்ஸிதான், அரிசி அளவுத் துண்டு ஒன்று இன்னும் அந்தத் துளைக்குள் சிக்கியிருக்கிறது, நான் அதைத் தொடவில்லை.