புதுப்பிப்பு: கடலோரக் குன்று நடை, திட்டம் முடிவானது

கடலோரக் குன்றுகளும் குறுகிய பள்ளத்தாக்குகளும் கலந்த 12 கிலோமீட்டர் பாதையை ஒரே நாளில் நடக்க, எந்தப் பக்கம் முதலில் போகலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முகடுதான் முதலில். காலை மூடுபனியில் கடல் தெரியாமல் போகலாம், பரவாயில்லை. நிழலே இல்லாத முகட்டை வெயில் ஏறுமுன் தாண்டுவதுதான் முக்கியம்.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் விதி: மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல். எங்கள் ஏற்றமும் 600 மீட்டர்தான், ஆக ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். ஓய்வு இதில் சேராது. அதனால் ஐந்தரை ஒதுக்கியிருக்கிறேன்.

அப்புறம், மழை பற்றி எச்சரித்தவர் சொன்னது மிகச் சரி. தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், மேற்புறத்தில் பெய்த மழை பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளமாக வரும். மேற்புற நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு மழை முன்னறிவிப்பு இருந்தால், நடையை வேறு நாளுக்குத் தள்ளிவிடுவோம்.