கார்டமிலியில் ஒரு வாரம்: கடல் குளியலைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம். செப்டம்பர் நடுவில் கிரேக்க நாட்டின் மானி பகுதியிலுள்ள கார்டமிலி என்னும் கடலோரச் சிற்றூரில் ஒரு வாரம் தங்க அறை பதிவு செய்திருக்கிறோம். நானும் என் கணவரும் நன்றாக நடப்போம். உடன் வரும் என் மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு, அசைவம் தொடமாட்டார். சந்தடியில்லாத ஊர் வேண்டுமென்று நாங்களே தேடிப் பிடித்த இடம்தான் என்றாலும், மூன்றாம் நாளே பொழுது போகாமல் தவிப்போமோ என்று கவலையாக இருக்கிறது. அங்கே என்ன செய்யலாம்? வாடகைக் கார் அவசியமா?

மறுமொழி 1

கவலையே வேண்டாம். டெய்கெட்டஸ் மலைத்தொடர் கடலை ஒட்டி எழும் இடத்தில் அமைந்த ஊர் அது. 2,400 மீட்டரைத் தாண்டும் அதன் சிகரம் ஒரு பக்கம், மெசேனிய வளைகுடா மறுபக்கம். ஹோமரின் இலியட் காவியத்தில் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னோன் மாவீரன் அக்கிலீசுக்குத் தருவதாகச் சொல்லும் ஏழு ஊர்களில் கார்டமிலியும் ஒன்று.

முதல் நாள் காலையிலேயே, கடைத்தெருவிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் பழைய கார்டமிலிக்கு நடந்து செல்லுங்கள். முர்ட்சினோஸ் குடும்பத்தாரின் கோபுர வீடும், 18ஆம் நூற்றாண்டின் புனித ஸ்பிரிடோன் தேவாலயமும் அங்கே இருக்கின்றன. 1821ஆம் ஆண்டு கிரேக்க விடுதலைப் போர் தொடங்குவதற்குச் சற்று முன்பு தளபதி கொலொகொட்ரோனிஸ் இந்தக் குடும்பத்தாரிடம்தான் வந்து தங்கினார். அங்கிருந்து மேலேறும் கல் பாவிய பழைய கழுதைப் பாதையில், காஸ்டர், பொலக்ஸ் என்னும் கிரேக்கப் புராண இரட்டையரின் கல்லறைகள் என்று ஊரார் சொல்லும், பாறையில் குடைந்த இரண்டு குழிகளைப் பார்க்கலாம். தொடர்ந்து ஏறினால் அகியா சோபியா என்னும் குக்கிராமம் வரும். அங்கிருந்து ஊரின் கூரைகளும் அதற்கு எதிரே கடலில் கிடக்கும் மெரோப்பி என்னும் சிறு தீவும் ஒரே பார்வையில் அடங்கும். காலங்காலமாகக் கால் பட்டுத் தேய்ந்த கற்கள் ஏறும்போது தொல்லை தருவதில்லை, இறங்கும்போதுதான் வழுக்கும் என்பதால், அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் காலணி கட்டாயம் தேவை.

வீரோஸ் பள்ளத்தாக்கு இதைவிடக் கடினமானது. வறண்ட ஆற்றுப்படுகை முழுவதும் வெண்ணிறப் பாறைகள் உருண்டு கிடப்பதால், ஒரு கிலோமீட்டர் நடப்பதற்கே நீங்கள் நினைப்பதைவிட நெடுநேரம் ஆகும். குடிநீரை நீங்களே சுமந்து செல்ல வேண்டும். மழைக்குப் பின் அந்தப் பக்கமே போகக் கூடாது.

மறுமொழி 2

தங்கள் மாமியாரை நினைத்து எழுதுகிறேன். ஊரை ஒட்டிய ரிட்சா கடற்கரை முழுவதும் கூழாங்கல்; வலியுள்ள முழங்காலோடு அதன்மேல் நடந்து நீரில் இறங்குவது சிரமம். தெற்கே சில கிலோமீட்டரில் உள்ள ஸ்டூப்பாவில் மணற்கரை இருக்கிறது, ஆழமும் மெல்லத்தான் கூடும். அங்கே கடலடியிலிருந்து நன்னீர் ஊற்றுகள் பொங்குவதால், இளஞ்சூடான நீரில் நிற்கும்போதே திடீரென்று காலடியில் சில்லென்று ஒரு நீரோட்டம் தொடும். பயப்பட வேண்டாம் என்று அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

உணவைப் பற்றிய கவலையும் வேண்டாம். ஆலிவ் எண்ணெயில் காய்கறிகளை வேகவைக்கும் லதேரா வகைகள், தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய வெள்ளை அவரை விதைகள், எலுமிச்சை பிழிந்த ஹோர்தா என்னும் காட்டுக்கீரை ஆகியவை சாதாரண உணவகங்களிலேயே கிடைக்கும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: அவர்கள் விரத உணவு என்று குறிப்பிடுவதில் கணவாயும் இறாலும் இடம்பெறலாம். ஆகவே இறைச்சி, மீன், கடலுணவு மூன்றும் வேண்டாமென்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

மறுமொழி 3

காரைப் பொறுத்தவரை, வாரம் முழுவதும் தேவைப்படாது என்பது என் கருத்து. ஏதென்ஸிலிருந்து கலமாட்டாவுக்கும், அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கார்டமிலிக்கும் பேருந்து உண்டு. ஆனால் இரண்டாவது தடத்தில் பேருந்துகள் குறைவு, நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். தெற்கே போவதற்கு மட்டும் இரண்டு நாள் கார் எடுங்கள். திரோஸ் குகைக்குள் நிலத்தடி நீர்வழியில் படகில் அழைத்துச் செல்கிறார்கள். சுண்ணாம்புத் தொங்கல்கள் தலையைத் தொடுமளவுக்குத் தாழ்ந்து வருவதால் படகிலேயே குனிய நேரிடும். படிகளும் கொஞ்சம் நடையும் உண்டு, ஆகவே மாமியாரின் வசதியைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அருகிலுள்ள அரியோப்போலியின் கல் வீதிகளில் அவர் நிதானமாக உலாவலாம். மலைச்சாலை வளைந்து வளைந்து போவதால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது நல்லது.

மற்ற நாள்களில் ஊரின் ஒழுங்குக்கே உங்கள் பொழுதையும் விட்டுவிடுங்கள். பிற்பகலில் கடைகள் அடைத்திருக்கும், சத்தம் போடுவதை யாரும் விரும்புவதில்லை. நீங்களும் உறங்கி எழுந்து, வெயில் தணிந்தபின் கடலுக்குப் போகலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. அகியா சோபியா நடையை நாங்கள் இருவரும் விடியற்காலையில் முடித்துக்கொண்டு, காலை உணவுக்கு மாமியாரிடம் திரும்பிவிடலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம். காரை ஸ்டூப்பாவுக்கு ஒரு நாள், அரியோப்போலிக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்கிறோம். குகைக்குள் வருவதா வேண்டாமா என்பதை அவரே படிகளைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கூறிவிட்டார்.