தேர்தலில் வந்த பள்ளி வாரியத்தை ஓரங்கட்டிவிட்டு நியமன ஆட்களை உட்கார வைப்பது சரியா?

ஈசூன்வாசி:
தங்கை குடும்பம் ஹியூஸ்டனில் இருக்கிறது, பிள்ளைகள் இருவரும் அங்கே அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் பேசினால் ஒரே புலம்பல். ஊர்மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியத்தை டெக்சஸ் மாநில அரசாங்கம் 2023ல் கலைத்துவிட்டுத் தானே ஆட்களை நியமித்துவிட்டதாம். எனக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்றே புரியவில்லை. நாம் இங்கே சிங்கப்பூரில் பள்ளிக்கென்று யாரையும் தேர்ந்தெடுப்பதில்லையே? கல்வி அமைச்சு பள்ளி முதல்வரை அனுப்புகிறது, சில வருடம் கழித்து மாற்றுகிறது, பாடத்திட்டமும் அங்கிருந்துதான் வருகிறது. பள்ளி ஆலோசனைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? ஆனாலும் 2022ல் பீசா என்ற சர்வதேச மாணவர் தேர்வில் கணிதம், வாசிப்பு, அறிவியல் மூன்றிலும் சிங்கப்பூர்தான் முதலிடம். அப்புறம் நியமனத்தில் என்ன கெடுதல்?

தேக்காடீ:
ஒரு திருத்தம், கலைக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதவியில்தான் இருக்கிறார்கள், அதிகாரம்தான் கையில் இல்லை. வீட்லி என்ற ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளி தொடர்ந்து பல வருடம் தரமதிப்பீட்டில் தேறாமல் போனதுதான் முக்கியக் காரணம். 2015ல் வந்த ஒரு சட்டப்படி, ஒரு பள்ளி அப்படித் திரும்பத் திரும்பச் சறுக்கினாலே மாநிலம் அந்த வட்டாரப் பள்ளிகள் அத்தனையையும் தன் கையில் எடுத்துக்கொள்ளலாம். 2019ல் மாநிலம் அறிவித்தது, பள்ளி வாரியம் வழக்கு போட்டுத் தடுத்தது, 2023 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் வழிவிட்டது, ஜூனில் ஒன்பது பேர் கொண்ட நியமன வாரியமும் மைக் மைல்ஸ் என்ற புதுக் கண்காணிப்பாளரும் (பள்ளிகளின் தலைமை நிர்வாகி) வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பல பள்ளிகளில் நூலகங்களை மூடியது பெரிய சண்டையானது. தேர்வு முடிவுகள் அதன் பிறகு ஏறியிருக்கின்றன, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் நீங்கள் விட்டுவிட்ட விஷயம் வரி. அங்கே பள்ளிச் செலவில் பெரும்பகுதி வீட்டு வரியிலிருந்து வருகிறது, அந்த வரி விகிதத்தை முடிவு செய்வதே பள்ளி வாரியம்தான். உங்கள் தங்கை வீட்டுக்கு எவ்வளவு வரி என்று தீர்மானிப்பவரை அவள் தெருவில் யாருமே தேர்ந்தெடுக்கவில்லை என்றால் கோபம் வராதா? 2024 நவம்பரில் நியமன வாரியம் 4.4 பில்லியன் டாலர் கடன்பத்திரத்துக்கு மக்களிடம் ஒப்புதல் கேட்டது. கட்டடங்கள் பழசு, பணம் உண்மையிலேயே தேவை. இருந்தும் மக்கள் தோற்கடித்தார்கள். 'நம்பிக்கை இல்லையென்றால் கடனும் இல்லை' என்பதுதான் எதிர்த்தவர்களின் கோஷம்.

பாஞ்சாங்மாமா:
தேர்தல் என்றவுடனே புனிதமாக்கிவிட வேண்டாம் தம்பி. நியூயார்க்கில் 32 வட்டார வாரியங்களுக்கு 1970லிருந்து தேர்தல் நடந்தது. பிற்பாடு வாக்களிக்க வந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. யாரும் வராத தேர்தலில் யார் ஜெயிப்பார்கள்? ஆசிரியர் சங்கங்களும் உள்ளூர்க் கட்சிக்காரர்களும்தான். சில வாரியங்களில் வேலை போட்டுக் கொடுப்பதே தொழிலாகிவிட்டது. 2002ல் மேயர் ப்ளூம்பெர்க் கைக்கு எல்லாம் போனபோது பலர் அப்பாடா என்றுதான் இருந்தார்கள், திட்டுவதற்கு ஒரே ஆள் போதுமே. பாஸ்டன் இன்னும் வேடிக்கை: 1996ல் நியமன வாரியமே இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள், 2021ல் அதே ஊர் தேர்தலைத் திருப்பிக் கொடு என்று பெருவாரியாகக் கேட்டது. இங்கே வாக்களிப்பது கட்டாயம் என்பதால் நமக்கு அந்த நோய் எவ்வளவு மோசம் என்று தெரியாது.

சிராங்கூன்காரி:
நான் மகள் பள்ளியின் பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருப்பவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அவள் பள்ளியில் தமிழ் இல்லை, பள்ளி முடிந்து பேருந்து பிடித்துத் தமிழ்மொழி நிலையத்துக்குப் போக வேண்டும். அதே நாளில் இணைப்பாட நடவடிக்கையையும் வைத்துவிட்டார்கள். கூட்டத்தில் எழுந்து கேட்டேன், முதல்வர் மரியாதையாகக் குறித்துக்கொண்டார், இரண்டு வாரம் கழித்து 'உங்கள் கருத்தைப் பரிசீலித்தோம்' என்று மின்னஞ்சல். நாள் மாறவில்லை. அந்த நேரத்தில், இவர் என் வாக்கை நம்பி இருப்பவராக இருந்தால் இப்படி எழுதுவாரா என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தால் வேறு கணக்கு வருகிறது. அந்த அறையில் தமிழ்ப் பெற்றோர் நான் ஒருத்திதான். வாரியத்துக்குத் தேர்தல் வைத்தால் நம் ஆள் ஜெயிப்பாரா? சிறுபான்மையினர் நாடாளுமன்றத்துக்கு வருவதற்கே 1988ல் குழுத்தொகுதி முறை, அதாவது குழுவாக நிற்கும் வேட்பாளர்களில் ஒருவராவது சிறுபான்மையினராக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு, கொண்டுவர வேண்டியிருந்தது. நியமனம் என்றால் குறைந்தபட்சம் ஒரு நாற்காலி போடு என்று மேலே கேட்கலாம். ஹியூஸ்டன் நேர்மாறு, அங்கே பிள்ளைகளில் பெரும்பாலோர் லத்தீனோக்களும் கறுப்பினத்தவரும். அவர்கள் வாக்கால் வந்த வாரியத்தை வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் அரசாங்கம் பறித்தது. அதனால்தான் வலி.

ஈசூன்வாசி, உங்கள் பீசா வாதம் நிற்காது. இங்கே முதல்வருக்கு மேலே அமைச்சு, அமைச்சுக்கு மேலே அமைச்சர், அவர் எங்கேயோ ஒரு தொகுதியில் வாக்கு கேட்டு வந்தவர். சங்கிலி நீளம், ஆனால் அறுபடவில்லை. நம் பேட்டையில் மின்தூக்கி நின்றால் நாடாளுமன்ற உறுப்பினரைப் போய்ப் பார்க்கிறோம், நகர மன்றம் அவர் பொறுப்பு. சில கோவில்களை நிர்வகிக்கும் இந்து அறக்கட்டளை வாரியம் முழுக்க நியமனம், அதில் குறை இருந்தால் நம்மவர்கள் எங்கே போகிறார்கள்? கடிதம் எழுதுவார்கள், கோவில் வாசலில் முணுமுணுப்பார்கள். நியமித்தவரை நம்மால் அசைக்க முடியுமா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

ஈசூன்வாசி:
வரி விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் தங்கையும் மாப்பிள்ளையும் வேலை விசாவில் இருக்கிறார்கள், எந்த வாரியமானாலும் அவர்களுக்கு வாக்கு கிடையாது. அவளுக்கு இரண்டும் ஒன்றுதானே?

தேக்காடீ:
ஒன்றில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு வாக்கு இருந்தால் வாரிய உறுப்பினர் அந்தத் தெருவுக்கு வருவார், உங்கள் தங்கையும் கேட்கலாம். சான் பிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத்துக்கு வாக்களிக்கலாம் என்று 2016ல் தீர்மானித்தார்கள், நியூயார்க்கின் அந்தப் பழைய 32 வாரியங்களிலும் அப்படித்தான் இருந்தது. மாமா சொன்ன பத்தில் ஒருவரில் அவர்கள் எத்தனை பேரோ.